ரெண்டு டிஸ்க் போட்டால் மட்டும் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாரணாபுரம், சிவகாசிப் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் பலர், "சர்வர்ல ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு பண்ணியாச்சு சார், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கு" என்கிறார்கள். ஒரே கேள்விதான். ஒரு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த சர்வரை ஆன் பண்ணிப் பார்த்தீர்களா? பட்டாசு ஆலையில் வாளிகளை எண்ணினால் போதாது; உள்ளே மணல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

லினக்ஸில் டிஸ்க்குகளைச் சேர்ப்பது எம்டிஆடம் என்ற மென்பொருள். அதுவே அந்த டிஸ்க்குகளுக்குள்தான் இருக்கிறது. பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை! அதனால்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தொகுப்பு முதலில் மெமரிக்கு வருகிறது. எம்டிஆடமும் அதன் கன்ஃபிக் ஃபைலின் நகலும் அதற்குள் இருக்கும்.

கோளாறு இங்கேதான். சர்வர் போட்டுக்கொடுப்பவர் கன்ஃபிக் ஃபைலை மாற்றுகிறார், காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். தொகுப்புக்குள் இருப்பது பழைய நகல். டெபியனிலும், அதன் வழிவந்த நம் சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸிலும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' என்று ஒரு வரி அடித்தால்தான் நகல் புதுசாகும். அடிக்காவிட்டால் எம்டி0 என்று இருக்க வேண்டியது எம்டி127 ஆக வந்து நிற்கலாம். கிரப்பை முதல் டிஸ்க்கில் மட்டும் போட்டிருந்தால் இன்னும் மோசம். அந்த டிஸ்க் செத்தால் மிஷின் கிளம்பவே கிளம்பாது.

"முன்னெல்லாம் தானா சேர்ந்துச்சே சார்" என்பீர்கள். அது பழைய 0.90 வடிவம், கெர்னலே சேர்த்துக்கொள்ளும். இப்போது வழக்கத்தில் உள்ள 1.2 வடிவத்தை அது சேர்க்காது. லினக்ஸைத் திட்டிப் பயனில்லை.

"சர்வரை நிறுத்த நேரமில்லை" என்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியிடும் வாரத்தில் அது தானாக நின்றால் நேரம் எங்கிருந்து வரும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் வெளியே தனியாக பேக்கப் எடுங்கள்; ரெய்டு பேக்கப் ஆகாது, தவறுதலாக அழித்த டிசைன் ரெண்டு டிஸ்க்கிலும் அழியும். பிறகு மிஷினை அணைத்து ஒரு டிஸ்க்கைக் கழற்றி ஆன் பண்ணுங்கள். கிளம்பினால் அணைத்து, டிஸ்க்கை மாட்டி மறுபடி சேருங்கள். முழுசாக ஒத்துப்போகும் வரை பொறுத்திருந்து, அடுத்த டிஸ்க்கையும் இதேபோல் சோதியுங்கள்.

சர்வர் போட்டவருக்குப் பாக்கிப் பணத்தை இந்தச் சோதனையைக் கண்ணால் பார்த்த பிறகே கொடுங்கள். செய்தவர்கள் கீழே "செய்தேன் சார்" என்று எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுக்கும் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.