ஃபைனான்ஸ் இன்டர்வியூ: எதைப் படிக்கலாம், எதற்குப் பணம் கட்டலாம்?

பி.காம், எம்.பி.ஏ முடித்துவிட்டு ஃபைனான்ஸ் துறையில் வேலை தேடும் பலரின் போனிலும் ஒரே காட்சிதான். டெலிகிராமில் வந்து குவிந்த பி.டி.எஃப்கள், பாதியில் நிற்கும் யூடியூப் வீடியோக்கள், ‘இன்றே சேர்ந்தால் பாதிக் கட்டணம்’ என்று அழைக்கும் கோர்ஸ் விளம்பரம். படிக்கப் புத்தகம் கிடைக்காதது அந்தக் காலத்துக் கஷ்டம். கிடைத்ததில் எதை ஒதுக்குவது என்று தெரியாதது இந்தக் காலத்துக் கஷ்டம்.

எந்த வேலைக்கு இன்டர்வியூ?

‘ஃபைனான்ஸ் வேலை’ என்று தனியாக ஒரு வேலை கிடையாது. வங்கியின் கடன் பிரிவு, ஆடிட் அலுவலகம், ஃபண்ட் அக்கவுன்டிங், பங்கு ஆய்வு, இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் கேள்விகள் வேறு. அமெரிக்க இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் வேலைக்காக எழுதப்பட்ட கேள்வி வங்கியை டாலரில் வாங்கிப் படித்துவிட்டு, உள்ளூர் வங்கியின் கடன் பிரிவு இன்டர்வியூவுக்குப் போனால், ‘வாராக்கடன் என்றால் என்ன?’ என்ற முதல் கேள்வியிலேயே தடுமாற வேண்டியிருக்கும். பொதுவாக, தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அது வாராக்கடன். இதற்கு டாலர் தேவையில்லை.

அதனால், வேலை அறிவிப்பில் ‘என்னென்ன செய்ய வேண்டும்’ என்று போட்டிருக்கும் பகுதியை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிகளுக்குப் பதில் தராத எந்தப் புத்தகமும் இப்போதைக்கு வேண்டாம்.

அடிப்படையைச் சோதிக்கும் கேள்வி

‘தேய்மானம் 100 ரூபாய் கூடினால், மூன்று நிதி அறிக்கைகளும் எப்படி மாறும்?’ இது இன்டர்வியூக்களில் பல காலமாகக் கேட்கப்படும் கேள்வி. வரி 25% என்று வைத்துக்கொள்வோம். லாப நஷ்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 100 ரூபாய் குறையும். வரியில் 25 ரூபாய் மிச்சமாவதால், நிகர லாபம் 75 ரூபாய்தான் குறையும். தேய்மானத்துக்காகக் கையிலிருந்து பணம் எதுவும் போகவில்லை. எனவே கேஷ் ஃப்ளோவில் அந்த 100 ரூபாயைத் திரும்பக் கூட்ட, ரொக்கம் 25 ரூபாய் ஏறும். பேலன்ஸ் ஷீட்டில் இயந்திரத்தின் மதிப்பு 100 குறைந்து, ரொக்கம் 25 கூடும். ஆக, சொத்துப் பக்கம் 75 குறைவு. எதிர்ப்பக்கம் சேர்த்துவைத்த லாபமும் 75 குறைவு. இரண்டு பக்கமும் சமம்.

எந்தப் புத்தகமோ வீடியோவோ இதை ‘ஏன்’ என்பதோடு சொல்லித்தருகிறதோ, அதை வைத்துக்கொள்ளலாம். விடையை மட்டும் மனப்பாடம் செய்யச் சொன்னால் தள்ளிவிடலாம். 100-ஐ 60 ஆக்கிக் கேட்டாலே அந்த மனப்பாடம் உடைந்துவிடும்.

காசில்லாமல் கிடைப்பவை

கணக்கில் அடிப்படை ஆட்டம் காண்பவர்களுக்கு, தமிழக அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகங்கள் தமிழிலேயே இணையத்தில் இருக்கின்றன. அடுத்த படிக்கு ஐ.சி.ஏ.ஐ வெளியிடும் சி.ஏ பாடப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றையும் இலவசமாக டவுன்லோடு செய்யலாம்.

நிறுவனங்களை மதிப்பிடும் வேலை என்றால் அஸ்வத் தாமோதரன். சென்னை லயோலாவில் பி.காம் படித்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். தன் வகுப்புப் பாடங்களை வீடியோவாக இலவசமாகவே தருகிறார்.

வங்கி வேலைக்கு, கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கி அல்லது கரூர் வைஸ்யா வங்கியின் சமீபத்திய ஆண்டறிக்கை ஒன்றை முழுதாகப் படியுங்கள். கூடவே, ரெப்போ வட்டி பற்றி ரிசர்வ் வங்கி கடைசியாக வெளியிட்ட அறிவிப்பையும் பாருங்கள்.

எந்த வருடப் புத்தகம்?

பழைய புத்தகத்தில் கணக்கியல் அடிப்படை மாறாது. வரி மாறிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி-யில் 12%, 28% அடுக்குகள் பெரும்பாலும் போய்விட்டன. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டுச் சட்டம் என்று அறிவிக்கப்பட்டது. ஃபார்வேர்டில் வந்த பி.டி.எஃப்-ஐ நம்பி ‘ஜி.எஸ்.டி-யில் நான்கு அடுக்கு’ என்று சொன்னால், செய்தித்தாள்கூடப் படிக்காதவர் என்று நினைத்துவிடுவார்கள்.

இ.எம்.ஐ-யில் கோர்ஸா?

பெற்றோர் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘மாதத் தவணையில் கட்டலாம்’ என்று சொல்லும் கோர்ஸ் பலவற்றில், கையெழுத்து போடுவது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில்தான். வகுப்பு பிடிக்காமல் பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. தவணை தவறினால் சிபில் அறிக்கையில் பதிவாகும். ஸ்டேட் பேங்க் உள்ளிட்ட வங்கிகளின் வேலை அறிவிப்புகளில், கடனைத் திருப்பிக் கட்டாதவர்களுக்குத் தகுதி இல்லை என்ற நிபந்தனையும் வருகிறது. வேலைக்காக வாங்கிய கடனே வேலையைக் கெடுத்துவிடக் கூடும்.

பணம் கட்டுவதானால், வேலைக்குச் சட்டப்படி தேவைப்படும் சான்றிதழுக்குக் கட்டலாம். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகம், பங்கு ஆய்வு போன்ற வேலைகளுக்கு, செபி தொடங்கிய என்.ஐ.எஸ்.எம் நடத்தும் தேர்வுகள் அப்படிப்பட்டவை.

வாய்விட்டுச் சொல்லுங்கள்

படித்தது மனதில் நின்றதா என்று பார்க்க வீட்டில் ஓர் ஆள் போதும். ‘வட்டி ஏறினால் பழைய பாண்டின் விலை ஏன் இறங்குகிறது?’ என்பதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். புது பாண்டு 8% தரும்போது, 7% தரும் பழையதை யாராவது முழு விலைக்கு வாங்குவார்களா? அம்மா தலையாட்டிவிட்டால், அதையே ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லி போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே திக்குகிறதோ, அந்தப் பாடத்தை மட்டும் நாளைக்குத் திரும்பப் படித்தால் போதும்.