இரைச்சல் என்போருக்கு

கனத்த றொக், ஹிப்ஹொப் ஆகியவற்றை வெறும் இரைச்சலென ஒதுக்கும் இரசிக சிகாமணிகள் நம்மிடையே உளர். இரைச்சல்தான், யாருடைய இரைச்சல் என்பதே வினா. 'பிளாக் சபத்' குழுவின் ரொனி அயோமி, பதினேழு வயதில், பேர்மிங்ஹாமின் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில், தந்தி அழுத்தும் கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கித் தாமே விரலுறை செய்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971இல் 'மாஸ்ரர் ஒஃவ் றியாலிற்றி' இசைத்தட்டில் சுருதியையும் தாழ்த்தினார். தந்தி தளர, நாதம் கனத்தது. இயந்திரம் பறித்த விரல்களின் வரலாறு அந்நாதத்தில் உண்டு. அதே தசாப்தத்தில் நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில் கூல் ஹேர்க்குக்கு வாத்தியக் குழு வாய்க்கவில்லை. ஈர் இசைத்தட்டுகளே வாத்தியமாயின. தொழிற்சாலையின் ஓசையை வளர்ச்சியென்றும், அங்கு உழைத்தோரின் ஓசையை அநாகரிகமென்றும் கொள்வது எவ்வகை இரசனை? வர்த்தக நிறுவனங்கள் பின்னர் இவ்விசையை விலைப்பண்டமாக்கியமை மெய்யே. சாஸ்திரிய சங்கீதம் மட்டும் சந்தைக்கு வரவில்லையா?