குடிகார குருவும் காஞ்சிக் கபாலியும்

ஜாக்கி சானின் 'ட்ரங்கன் மாஸ்டர்' (1978) பற்றிக் காஞ்சிபுரத்தில் பேச்செடுத்தால் போதும், 'எல்லாம் நம்ம போதிதர்மர் கொடுத்தது சார்' என்று யாரேனும் முடித்துவைத்துவிடுவார். 2011இல் 'ஏழாம் அறிவு' வந்தபின் இது ஐயத்துக்கு இடமில்லாத வரலாறாகிவிட்டது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் விதான ஓவியங்களை ஒருமுறையேனும் அண்ணாந்து பார்க்காதவர்களும் ஷாவோலின் மடத்துக்கு உரிமை கொண்டாடுகிறார்கள்.

இந்த உரிமை எதன்மேல் நிற்கிறது? போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் 6ஆம் நூற்றாண்டினது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. தென்னிந்திய அரசகுமாரர் என்பது தான்லின் என்ற சீடரின் குறிப்பு. இரண்டிலும் அடிதடி கிடையாது. அவரைத் தற்காப்புக்கலையோடு பிணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டுக்கு முன் கிடைப்பதில்லை. இடைவெளி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல்!

போகட்டும். பெருமை பேசும் அவசரத்தில் அந்தப் படம் என்ன செய்தது என்பதைப் பார்க்கத் தவறிவிட்டோம். வோங் பெய்ஹுங் தென்சீனத்தில் உண்மையாகவே வாழ்ந்த மருத்துவர், சண்டைக்கலை ஆசான். ஹாங்காங் சினிமா எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் அவரை ஒழுக்கசீலராக்கிப் பூசித்தது. இயக்குநர் யுவென் வூபிங் அவரை வம்புக்கார இளைஞனாக்கி, ஒரு குடிகாரக் கிழவரிடம் பாடாய்ப்பட வைத்தார். கிழவராக நடித்தவர் இயக்குநரின் சொந்தத் தந்தை. பீக்கிங் ஓபரா பள்ளியில் சிறுவயதிலிருந்து பத்தாண்டுகள் பயின்ற ஜாக்கி சானின் உடலில் சண்டையும் சிரிப்பும் ஒன்றாயின. நம் சினிமாவிலோ சண்டை நாயகனுக்கு, சிரிப்பு அருகில் நிற்பவனுக்கு. (சந்திரபாபு அற்புதமாக விழுவார், ஆனால் அவர் 'நகைச்சுவை நடிகர்'.) போதிதர்மரும் நம் கையில் எதிலும் தவறாத மாமனிதராகத்தான் ஆனார்.

காஞ்சிக்கும் அந்தப் படத்துக்கும் ஓர் உறவு சொல்லியே தீரவேண்டுமென்றால், அது 'மத்தவிலாசப் பிரகசனம்'. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் எழுதிய நாடகம். நடக்குமிடம் காஞ்சித் தெருக்கள். குடித்துத் தள்ளாடும் கபாலி தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, ஒரு பௌத்த பிக்குவைத் திருடன் என்று மறிக்கிறான். அவன் துணைவி தேவசோமா பிக்குவின் தலைமயிரைப் பிடித்திழுக்கப் பாய்கிறாள். மழித்த தலையில் பற்றுவதற்கு ஏதுமின்றித் தானே விழுகிறாள். தலையை மழிக்க விதித்த புத்தரின் தீர்க்கதரிசனத்தை பிக்கு மெச்சிக்கொள்கிறார்! கபாலியின் நாக்குக்குச் சமணரும் தப்பவில்லை. கடைசியில், கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய்.

ஆளும் அரசனே தன் தலைநகரைக் கேலிசெய்து எழுதியது இது. கேரளத்துச் சாக்கியார்கள் கோயில்களில் இதை ஆடுகிறார்கள். என் வகுப்பிலோ போதிதர்மரை அறியாத மாணவர் இல்லை. மத்தவிலாசத்தின் பெயரைக் கேட்டிருப்பவர் அரிது. அரசனை முகத்துக்கு நேரே நையாண்டி செய்யும் கட்டியங்காரனும் நம் வடதமிழகத் தெருக்கூத்தில் இருக்கிறான். தேவசோமாவைப் போல் விழவும், விழுந்ததில் சிரிப்பெழுப்பவும் அந்தக் கலைஞர்களுக்குத் தெரியும். போதிதர்மருக்குச் செலவிட்டதில் நூறில் ஒரு பங்கு போதும், மகேந்திரவர்மனின் கபாலியைத் திரைக்குக் கொண்டுவர. யார் முன்வருவார்?