செர்னோபில்: அணு உலை தெரியும்... காணாமல்போன அந்த 'தாலுகா' தெரியுமா?

செர்னோபில் என்றதும் வெடித்த அணு உலைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அந்தப் பெயரில் 65 ஆண்டுகள் ஒரு நிர்வாகப் பகுதியே இருந்தது. உக்ரைனின் கீவ் மாகாணத்தில் 1923-ல் உருவாகி, 1988-ல் கலைக்கப்பட்ட 'ராயோன்' அது. ராயோன் என்றால், கிட்டத்தட்ட நம்மூர் தாலுகா மாதிரி.

எங்கே இருந்தது?

கீவ் நகருக்கு வடக்கே, பெலாரஸ் எல்லையை ஒட்டிய பொலீசியா பகுதி. பைன் காடுகள், சதுப்பு நிலம், மணற்பாங்கான மண். பிரிப்யாத் ஆற்றங்கரையில்தான் தலைமையிடமான செர்னோபில் ஊர். 1193-லேயே இந்தப் பெயர் ஏடுகளில் வந்துவிட்டது. மாசிபத்திரி வகைச் செடி ஒன்றின் உள்ளூர்ப் பெயர் அது. யூதர்களின் ஹசிடிய குரு மரபு ஒன்றும் இந்த ஊர்ப் பெயரால் அறியப்படுகிறது. ஆக, அணு உலைக்குப் பல நூறு வருஷம் முந்தைய ஊர். உலை இருப்பதோ, ஊரிலிருந்து சுமார் 15 கி.மீ. தள்ளி!

ஏன் கலைத்தார்கள்?

1986 ஏப்ரல் 26-ல் 4-வது உலை வெடித்தது. மறுநாளே பிரிப்யாத் நகரம் காலியானது. மே மாதத் தொடக்கத்தில் செர்னோபில் ஊரும் சுற்றுக் கிராமங்களும். அந்த ஆண்டில் மட்டும் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 1,16,000 பேர். ஆளே இல்லாத இடத்துக்கு எதற்கு அலுவலகம்? 1988-ல் பக்கத்து இவான்கிவ் ராயோனோடு சேர்த்துவிட்டார்கள். 2020-ல் நாடு முழுக்க 490 ராயோன்கள் 136-ஆகச் சுருங்கியபோது, இவான்கிவும் போய், எல்லாம் வீஷ்கோரோத் ராயோனுக்குள் வந்தன.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அணுமின் நிலைய ஊழியர்களைக் குடியமர்த்தக் கட்டிய ஸ்லாவுதிச் நகரம், செர்னிஹிவ் மாகாணத்தின் நடுவே இருக்கிறது. ஆனால், நிர்வாகத்தில் அதுவும் வீஷ்கோரோத் ராயோன்தான். மக்கள் இல்லாத நிலமும், நிலத்தை விட்டுவந்த மக்களும் தனித்தனி இடத்தில். காகிதத்தில் மட்டும் ஒன்றாக!

இதில் என்ன சிக்கல்?

நிர்வாகக் கணக்கில் கலைப்பு சரியான முடிவுதான். ஆனால், ராயோன் போன பிறகு மிஞ்சியது 'விலக்கு மண்டலம்' என்ற பெயர் மட்டுமே. அது விபத்தைச் சொல்கிறது. அங்கே பிழைத்தவர்களைச் சொல்வதில்லை. சீரியலும் சுற்றுலாவும் காட்டுவது இடிபாடுகளைத்தான். தடையை மீறித் திரும்பிவந்து குடியேறிய முதியவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களுக்கு அது 'மண்டலம்' அல்ல, வீடு.

செர்னோபில் ஊரில், காலியான கிராமங்களின் பெயர்ப் பலகைகள் வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. போருக்கு முன்புவரை, ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் முடிந்ததும் பழைய ஊர்க்காரர்கள் கல்லறைகளுக்கு வந்துபோனார்கள். எல்லைக்கோட்டை அரசு எப்போது வேண்டுமானாலும் மாற்றி வரையலாம். ஊர்ப் பெயர்களை அழியாமல் காப்பதும் அதே அரசின் கடமைதான். இழப்பீடோ நினைவோ, எதைக் கேட்பதாக இருந்தாலும், 'எந்த ஊர்?' என்பதுதானே முதல் கேள்வி!