பசிக்கு மூன்று மாதக் கெடு

"மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடு" என்ற வாசகத்தைப் பல வருடங்களாக மேடைகளில் கேட்டுவருகிறேன். ரேஷன் அரிசி பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். அண்மைக்காலமாக இதற்கு ஒரு வால் முளைத்திருக்கிறது: "அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே யாருக்கும் சும்மா சோறு போடுவதில்லை. வேலைக்குப் போனால்தான் உணவுக் கூப்பன். வேலை இல்லையென்றால் தொழிற்பயிற்சிக்குப் போக வேண்டும். நாமும் அப்படிச் செய்தால் நாடு உருப்படும்." அங்கே பிள்ளைகளோடு சில மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள் இதைச் சொல்லும்போது கூட்டம் தலையாட்டுகிறது. அவர்கள் பார்த்த அமெரிக்காவில் உணவுக் கூப்பன் அலுவலகத்தின் வரிசை இல்லை. வரிசையில் நிற்பவர்களுக்கு அந்தச் சட்டம் என்ன செய்தது என்பது ஆய்வுகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அதைப் படித்த ஒருவருக்கு இதை முன்மாதிரி என்று சொல்ல நா எழாது.

திட்டத்தின் இன்றைய பெயர் ஸ்னாப். 1964இல் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் ஃபுட் ஸ்டாம்ப் என்று சட்டமானது. 2008இல் பெயர் மாறியது. தாள் கூப்பன் போய் இப்போது ஈபிடி அட்டை. மாதம் ஒருமுறை அதில் பணம் ஏறும். அதைக் கொண்டு அரிசி, ரொட்டி, பால், இறைச்சி, காய்கறி வாங்கலாம். சோப்பு வாங்க முடியாது. குழந்தைக்கு டயப்பர் வாங்க முடியாது. கடையில் சூடாக விற்கும் கோழிக்கறியையும் வாங்க முடியாது. 2025 நிதியாண்டில் தனியாள் ஒருவருக்கு அதிகபட்சம் மாதம் 292 டாலர். சராசரியாக ஆளுக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு ஆறு டாலர் அளவில். அந்த நாட்டின் விலைவாசியில் அது ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கே இழுபறிதான்.

இதற்கு வேலை நிபந்தனையைக் கடுமையாக்கியது, அதிபர் பில் கிளின்டன் 1996 ஆகஸ்ட் 22 அன்று கையெழுத்திட்ட நலத்திட்டச் சட்டம். ஓஹையோவைச் சேர்ந்த ஜான் கேசிக், பாப் நே என்ற இரு நாடாளுமன்ற உறுப்பினர்களின் திருத்தத்திலிருந்து இந்த விதி வந்தது. அன்றைய விதிப்படி, 18 முதல் 49 வயதுக்குள் இருப்பவர், உடல்நலக் குறை இல்லாதவர், வளர்க்கப் பிள்ளை இல்லாதவர் என்றால் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகவோ பயிற்சி பெற்றதாகவோ கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்று ஆண்டுகளில் மொத்தமாக மூன்று மாதம்தான் உணவு உதவி. மீதி 33 மாதம் அவர் எதைச் சாப்பிடுவார் என்பதற்கு அந்த விதியில் பதில் கிடையாது.

இந்த நிபந்தனையை ஆதரிப்பவர்களின் முதல் குற்றச்சாட்டு, உடம்பு வணங்காமல் உட்கார்ந்து தின்கிறார்கள் என்பது. ரொனால்ட் ரீகன் 1976 தேர்தல் பிரச்சாரத்திலேயே, கூப்பனைக் கொடுத்து உயர்ரக மாட்டிறைச்சி வாங்கும் வாட்டசாட்டமான இளைஞனைப் பற்றிக் கதை சொன்னவர். இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. ஸ்னாப் பெறுவோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் குழந்தைகள், முதியவர்கள், உடல்நலக் குறையுள்ளவர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே இந்த உதவியையும் வாங்கும் பெரியவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வாரம் 35 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்களின் பட்டியலில் வால்மார்ட்டும் மெக்டொனால்ட்ஸும் முன்வரிசையில் இருக்கின்றன. 2009 ஜூலையிலிருந்து கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. முழுநேரம் உழைப்பவனுக்கும் உணவுக் கூப்பன் தேவைப்படுகிறது என்றால் கேள்வி கேட்க வேண்டியது அவனிடமா, அவனுக்குச் சம்பளம் கொடுப்பவரிடமா?

எதிர்த்தரப்பு மிகவும் நம்பியிருப்பது பயிற்சியை. "பட்டினி போடவில்லையே, தொழில் கற்றுத்தருகிறோமே" என்பார்கள். நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் இதுதான் இனிக்கிறது. இதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்தப் பொய்யும் இங்கேதான் குடியிருக்கிறது.

யாருக்குக் கற்றுத்தருகிறார்கள்? 1985 சட்டத்தின்படி ஒவ்வொரு மாநிலமும் ஒரு வேலைவாய்ப்புப் பயிற்சித் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஆனால் எத்தனை பேருக்கு இடம், எந்த ஊரில் இடம் என்பதெல்லாம் மாநிலத்தின் விருப்பம். மூன்று மாதக் கெடுவில் சிக்கியவருக்கு ஒரு பயிற்சி இடம் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1996 சட்டத்தில் இல்லை. இன்றும் இல்லை. எல்லோருக்கும் இடம் தருவோம் என்று தாமாக உறுதிமொழி கொடுக்கும் மாநிலங்களுக்குக் கூடுதல் பணம் உண்டு. பெரும்பாலான மாநிலங்கள் அந்த உறுதிமொழியைக் கொடுத்ததே இல்லை. ஆகவே நடப்பது இது: ஒருவர் வேலை கேட்கிறார், கிடைக்கவில்லை. பயிற்சிக்குப் போகிறேன் என்கிறார், அவருடைய கவுன்டியில், அதாவது மாவட்டத்தில், இடம் இல்லை. அப்படியும் மூன்று மாதம் முடிந்ததும் அட்டையில் பணம் ஏறாது. கற்க மறுத்தவனுக்கான தண்டனை என்று சொல்லிக்கொண்டு, கற்க வந்தவனின் தட்டைப் பறிக்கிறார்கள்.

இடம் கிடைத்தவருக்கு என்ன கிடைக்கிறது? பல இடங்களில் பயிற்சி என்பது தன்விவரக் குறிப்பு எழுதுவது, நேர்காணலுக்கு எப்படி உடுத்துவது, விண்ணப்பங்களை எப்படி அனுப்புவது என்ற வகுப்புகளோடு முடிந்துவிடுகிறது. பற்றவைப்பு, செவிலியர் உதவி, லாரி ஓட்டுநர் உரிமம் போன்ற கைத்தொழில் கல்விக்குச் செலவு அதிகம், இடம் குறைவு. இன்னொரு வகை, கூப்பனுக்கு ஈடாகச் சம்பளமில்லாமல் வேலை செய்வது. கூப்பன் தொகையைக் குறைந்தபட்ச ஊதியத்தால் வகுத்து வரும் மணிக்கணக்கை உழைத்துத் தீர்க்க வேண்டும். 292 டாலரை 7.25ஆல் வகுத்தால் மாதம் சுமார் 40 மணி நேரம். இதில் எந்தத் தொழிலும் கற்பிக்கப்படுவதில்லை, கையில் ஒரு டாலரும் வருவதில்லை. வீட்டு வாடகையும் பேருந்துக் கட்டணமும் யார் கொடுப்பது? இன்னொன்றையும் கவனியுங்கள். வேலை தேடி நாள் முழுக்க அலைந்தால் அந்த அலைச்சல் மட்டும் 80 மணி நேரக் கணக்கில் சேராது. வேலை இல்லாதவன் செய்ய வேண்டிய முதல் காரியம் வேலை தேடுவது. அதையே இந்தச் சட்டம் ஏற்காது.

வேலையில் இருப்பவர்கூட இதில் தப்புவதில்லை. சரக்குக் கிடங்கில் பகுதிநேரமாக ஷிஃப்ட் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எத்தனை மணி நேரம் என்பதை மேலாளர்தான் முடிவு செய்வார், பல இடங்களில் சில நாள் முன்னால்தான் சொல்வார். முதல் வாரம் 24 மணி நேரம், அடுத்த வாரம் 22, சரக்கு வரத்து குறைந்ததும் 16, கடைசி வாரம் 14. மொத்தம் 76. நான்கு மணி நேரம் குறைந்ததால் அந்த மாதம் அவர் வேலை செய்யாதவர் கணக்கில் சேர்கிறார். மூன்று மாதத்தில் ஒன்று கழிந்துவிட்டது. ஷிஃப்டை வெட்டியவர் மேலாளர்; பட்டினி தொழிலாளிக்கு.

80 மணி நேரத்தையும் உழைத்தவருக்கு அதை நிரூபிக்கும் வேலை ஒன்று தனியாக இருக்கிறது. சம்பளச் சீட்டு, முதலாளியின் கையெழுத்து, பயிற்சி வருகைப் பதிவு எல்லாவற்றையும் தேதிக்குள் சேர்க்க வேண்டும். அலுவலகம் அனுப்பும் நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்கும். போன் செய்தால் இணைப்பு கிடைக்காது. மிசோரி மாநிலத்தின் ஸ்னாப் தொலைபேசி மையத்தில் மக்கள் காத்துக் கிடந்ததையும் அழைப்புகள் அறுந்துபோனதையும் விசாரித்த கூட்டாட்சி நீதிமன்றம், அந்த ஏற்பாடே சட்ட மீறல் என்று 2024இல் தீர்ப்பளித்தது. ஆர்கன்சா மாநிலம் 2018இல் ஏழைகளுக்கான மருத்துவ உதவிக்கு இதே மாதிரி வேலைக் கணக்குக் கேட்டது. கணக்கை இணையத்தில் பதிய வேண்டும், அந்த இணையதளத்தை இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை மூடிவைத்தார்கள். பகல் ஷிஃப்ட் முடித்து வருபவர் எப்போது பதிவார்? சில மாதங்களிலேயே சுமார் 18,000 பேர் மருத்துவ உதவியை இழந்தார்கள். வேலைவாய்ப்பு கூடவில்லை.

உடல்நலக் குறை இல்லாதவர்களுக்கு மட்டும்தானே நிபந்தனை என்று சமாதானம் சொல்வார்கள். ஓஹையோவின் ஃபிராங்க்ளின் கவுன்டியில், அப்படி முத்திரை குத்தப்பட்டு வந்தவர்களை உணவு வங்கிகளின் கூட்டமைப்பு உட்கார்த்திவைத்துப் பேசிப் பார்த்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தனக்கு உடல் அல்லது மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார். முதுகு வலிக்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவச் சான்றிதழ் வாங்க மருத்துவக் காப்பீடு வேண்டும், காப்பீட்டுக்குப் பணம் வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் அரசின் கணக்கில் ஆரோக்கியமானவர்.

அடுத்தது, நிபந்தனை போட்டால் வேலைக்குப் போவார்கள் என்ற வாதம். இதற்கு வர்ஜீனியாவில் பதில் கிடைத்தது. பொருளாதார நெருக்கடியில் நிறுத்திவைத்த விதியை அந்த மாநிலம் 2013இல் மீண்டும் கொண்டுவந்தது. 50 வயதை எட்டியவருக்கு அப்போது நிபந்தனை இல்லை, 49 வயதுக்காரருக்கு உண்டு. இந்த இரு தரப்பும் வயதைத் தவிர மற்றவற்றில் ஒரே மாதிரி. ஐந்து பொருளாதார ஆய்வாளர்கள் மாநில அரசின் சொந்தப் பதிவேடுகளை வைத்து ஒப்பிட்டு, 2023இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் உணவு உதவி பெறுவோர் 53 விழுக்காடு குறைந்தார்கள். வேலைக்குப் போவோர் கூடியதற்குச் சான்றே இல்லை. வீடற்றவர்களுக்குத்தான் பாதிப்பு மிக அதிகம். பாதிக்கு மேற்பட்டவர்களை உணவிலிருந்து வெளியே தள்ளிவிட்டு வேலையில் ஒருவரைக்கூடக் கூட்டியதாகக் காட்ட முடியாத விதியை வேலை நிபந்தனை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கான்சஸ் மாநிலத்தைக் காட்டுவார்கள். கூப்பன் நின்றதும் அங்கே வருமானம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது என்று ஒரு பிரச்சார அமைப்பு அறிக்கை விட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவே அதில் இல்லை. மக்கள் கூப்பனுக்கு விண்ணப்பிப்பது வருமானம் அடிமட்டத்தில் இருக்கும்போது; சில மாதத்தில் பலருக்கும் ஏதாவது வேலை கிடைக்கும், நிபந்தனை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த ஏற்றத்தைத் தங்கள் சட்டத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

வேலை கண்ணியம் தரும் என்பதையும் கேட்டிருக்கிறேன். தரும். பசித்தவனை மிரட்டி வாங்கும் வேலை தராது.

வரிப்பணம் வீணாகிறது என்ற கவலைக்கும் ஒரு வரி போதும்: ஒவ்வொருவரின் மணிக்கணக்கையும் மாதந்தோறும் சரிபார்க்கும் அலுவலர்களுக்கும் கணினிகளுக்கும் சம்பளமும் செலவும் அதே வரிப்பணத்திலிருந்துதான் போகிறது.

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் சமுதாயக் கல்லூரிகள் வழியே, விருப்பமுள்ளவர் சேரும் பயிற்சித் திட்டம் வருடக்கணக்கில் நடந்துவருகிறது. அப்படி நடத்தலாம். படிக்க வருகிறவர் முதலில் சாப்பிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அமெரிக்கா போவது எதிர்த்திசையில். 2019 டிசம்பரில் ட்ரம்ப் அரசு இந்தக் கெடுவை இறுக்கும் விதி ஒன்றைப் போட்டது. ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் உதவியை இழக்கக்கூடிய அந்த விதியை 2020 அக்டோபரில் நீதிபதி பெரில் ஹவல் ரத்து செய்தார். 2023இல் போட்ட சட்டம் வயது வரம்பைப் படிப்படியாக 54 ஆக்கியது. பதிலுக்கு வீடற்றவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் விலக்கு கொடுத்தார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அந்த விலக்குகளைப் பறித்துவிட்டு வயது வரம்பை 64க்கு உயர்த்தியது. 14 வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் தாயும் இனி 80 மணி நேரக் கணக்குக் காட்ட வேண்டும். வேலையில்லாத் திண்டாட்டம் 10 விழுக்காட்டைத் தாண்டினால்தான், அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக, ஒரு வட்டாரத்துக்கு விதிவிலக்கு. இந்த மாற்றங்களால் சராசரியாக மாதம் சுமார் 24 லட்சம் பேர் உணவு உதவியை இழப்பார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்கிட்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தைக் கேட்பவர்கள், வர்ஜீனியாவில் விழுந்த அந்த 53 விழுக்காட்டை முதலில் படித்துவிட்டு வரட்டும்.