மஞ்சப்பையும் மதிப்பெண்ணும்

சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. பிள்ளைகள் படிக்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். வீட்டில் மட்டும் மக்கும் குப்பை, மக்காத குப்பை எல்லாம் ஒரே வாளியில்தான்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. படப்பைக் கடைத்தெருவில் இன்றும் கேரி பேக் கேட்பவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்தான்.

அடையாறு பிறப்பது நம் பக்கத்து ஆதனூர்ப் பகுதியில். பேரப்பிள்ளைகளுக்கு அங்கே ஏரித் தண்ணீரைக் காட்டுங்கள். பிறகு சென்னையில் திரு.வி.க. பாலத்தில் நிறுத்தி, கடலில் சேரப்போகும் அதே ஆற்றைக் காட்டுங்கள். இடையில் சுமார் 40 கிலோமீட்டர்தான். "இப்படி ஆக்கியது யார் தாத்தா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நிற்கும்போது நம் கையில் ஒரு துணிப்பையாவது இருக்கட்டும்.