பெண்மக்களின் பங்கும் பெயர் மாறாத பட்டாவும்



ஒருவர் இறையடி சேர்ந்ததும் நிறைவேற்ற வேண்டிய கடமைகளில் நம் மக்கள் குறை வைப்பதில்லை. குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸாத் தொழுகை, நல்லடக்கம் ஆகிய யாவும் ஒரு நாளுக்குள் முறைப்படி முடிந்துவிடுகின்றன. ஆனால், அவர் விட்டுச் சென்ற பொருளை உரியவர்களுக்குப் பங்கிடும் கடமையோ ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடப்படுகிறது. சிற்றாற்றுப் பாசனத்து வயலாயினும், தென்காசி வீடாயினும், குற்றாலத்து வாடகைக் கட்டடமாயினும், பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருப்பது அரிய காட்சியன்று. இந்தத் தாமதத்தால் பெரிதும் இழப்பவர் யார்? பெரும்பாலும் அக்குடும்பத்துப் பெண்மக்களே!

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அந்நிஸா, வாரிசுகளின் பங்குகளை எண்ணிக்கையோடு வகுத்துத் தந்துள்ளது. முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதன்பின் எஞ்சியதில் மூன்றிலொரு பாகத்திற்கு மேற்படாத மரண சாசனம், பிறகே பங்கு என்பது அதன் வரிசை. மனைவிக்குக் கொடுக்கப்படாத மஹரும் கடன்தான்; இறந்தவர் கட்டாமல் விட்ட வரிப்பாக்கியும் கடன்தான்.

எடுத்துக்காட்டாக, பெற்றோர் உயிருடன் இல்லாத ஒருவர் மனைவியையும், இரு ஆண்மக்களையும், ஒரு பெண்ணையும் விட்டு மறைகிறார் எனக் கொள்வோம். கடன்கள் நீங்கிய சொத்தை 40 கூறுகளாக்கினால் மனைவிக்கு 5, ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7 கூறுகள் சேரும். இப்பங்கு பத்திரம் எழுதிய நாளில் பிறப்பதன்று. தந்தையின் உயிர் பிரிந்த அக்கணமே பிறந்துவிடுகிறது. எனவே, அண்ணன் தங்கைக்குப் பங்கு 'கொடுக்கிறார்' என்று சொல்வதே பிழை. அவளுடையதை அவளிடம் ஒப்படைக்கிறார், அவ்வளவுதான்.

நாட்டின் சட்டமும் இதையே ஒப்புக்கொள்கிறது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், விவசாய நிலங்களைத் தன் வரம்பிற்கு வெளியே விட்டிருந்தது. சென்னை மாகாண அரசு 1949-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் அவ்விலக்கை நீக்கியது. ஆதலின், 'வீட்டில்தான் பெண்ணுக்குப் பங்கு, வயலில் இல்லை' என்று இன்று எவரேனும் கூறுவாராயின், அதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, நம் மாநிலச் சட்டத்திலும் இடமில்லை. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. அப்பகுதியில் பழைய சொத்துடையோர் அவ்வாட்சிக் காலத்து ஆவணங்களையும் தேடி எடுத்து, வழக்கறிஞரிடம் காட்டித் தெளிவு பெறுதல் நன்று.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்க, பெண்ணின் பங்கு எவ்வாறு மறைகிறது? முதற்காரணம் மௌனம். சகோதரர்கள் தாமாகப் பேச்செடுப்பதில்லை. கேட்டால் பிறந்தகத்து உறவு முறியுமோ என்று சகோதரி அஞ்சுகிறாள். அவ்வச்சத்தை அவளது சம்மதம் எனக் கொள்வது நேர்மையாகுமா?

இரண்டாவது காரணம் கையொப்பம். 'உன் திருமணத்திற்கு நகை போட்டாயிற்று. இதில் ஒரு கையொப்பம் இடு' என்று தந்தை உயிருடன் இருக்கும்போதே விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவோர் உளர். கேரளத்து ராவுத்தர் குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு இங்கே கருதத்தக்கது. மூன்று ஆண்களும் மூன்று பெண்களுமாகிய ஆறு மக்களில் ஐவர், தந்தை வாழ்ந்த காலத்திலேயே பொருள் பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்திருந்தனர். தந்தை 1986-இல் மறைந்தார். உயிருள்ளவர் சொத்தில் மக்களுக்கு இருப்பது எதிர்பார்ப்பே, உரிமையன்று. ஆகவே அதை விட்டுக்கொடுக்கும் பத்திரம் தன்னளவில் செல்லாது என்பதே பொது விதி. ஆயினும், பொருளைப் பெற்றுக்கொண்டு தந்தையை நம்பச் செய்தவர்கள், பின்னர் அதே பங்கைக் கோர முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. நகை போட்டதனால் மட்டும் ஒரு பெண்ணின் பங்கு அழிந்துவிடாது. ஆனால், பொருள் பெற்று அவள் இடும் கையொப்பம் அப்பங்கை அழிக்கக்கூடும். ஆகவே சகோதரிகளே, படித்துப் பொருள் உணராத எத்தாளிலும் கையொப்பம் இடாதீர்கள்!

மூன்றாவது காரணம் தாள்களைப் பற்றிய தவறான எண்ணம். வங்கி வைப்புத் தொகைக்கு நியமனதாரராக ஒருவர் பெயர் இருப்பின், அவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவர். அப்பணம் முழுவதற்கும் உடைமையாளர் ஆகிவிடமாட்டார். அவ்வாறே, மூத்தவர் பெயருக்குப் பட்டா மாறிவிட்டதனால் ஏனையோர் பங்கு போய்விடாது. பட்டா வருவாய்த் துறைப் பதிவேயன்றி, உரிமையைத் தோற்றுவிக்கும் பத்திரம் அன்று.

இனி வரியைப் பற்றிய அச்சம். 'பிரித்தால் அரசுக்கு வரி கட்ட வேண்டுமே' என்று தயங்குவோர் பலர். இறந்தவர் சொத்தின்மீது விதிக்கப்பட்ட எஸ்டேட் தீர்வை 1985 மார்ச்சிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. வாரிசாக வந்த சொத்தைப் பெறுவதற்கு இன்று வருமான வரி இல்லை. அச்சொத்திலிருந்து பின்னர் வரும் வருமானத்திற்கே வரி உண்டு. இங்கேதான் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று இருக்கிறது. இந்துக் கூட்டுக் குடும்பம் என்னும் வரி அமைப்பு முஸ்லிம்களுக்கு இல்லை. வாரிசுகளின் பங்கு திட்டமாக இருப்பதால், கட்டட வாடகையை அவரவர் பங்கின்படி அவரவர் கணக்கில் காட்டுதலே முறை. முழு வாடகையையும் ஒரே சகோதரர் தம் கணக்கில் காட்டும்போது, வரிச்சுமையும் கூடுகிறது. மற்றவர் உரிமையும் மறைகிறது. நீதியாகப் பங்கிடுவோர்க்கு வரியும் குறையலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பாகப்பிரிவினைச் செலவும் மலையன்று. 2023 ஜூலையில் தமிழக அரசு கட்டணங்களை உயர்த்தியபோதும் வரம்பு ஒன்றை வைத்தது. குடும்பத்தாருக்குள் செய்யும் பாகப்பிரிவினையில் நூற்றுக்கு ஒன்று வீதம் முத்திரைத் தீர்வை, ஒரு பாகத்திற்கு 40,000 ரூபாய்க்கு மேற்படாது. அதே வீதமான பதிவுக் கட்டணம் 10,000 ரூபாய்க்கு மேற்படாது. அதற்குமுன் இவ்வரம்புகள் 25,000, 4,000 என இருந்தன. தாமதித்தோர் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது என்பதையும் இதனால் உணரலாம்.

வணிகம் செய்வோருக்கு இன்னும் விரைவு தேவை. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும் ஆடி மாதத்தில் கடையின் தனி உரிமையாளர் மறைந்துவிட்டால், மகன் மறுநாளே கடையைத் திறந்து தந்தையின் பெயரிலேயே பில் போடுவது இயல்பாகத் தோன்றலாம். ஆனால், ஜி.எஸ்.டி. பதிவு இறந்தவரோடு முடிவடைகிறது. பதிவுபெற்ற வணிகத்தைத் தொடர்பவர் தம் பெயரில் புதிய பதிவு பெற வேண்டும். தந்தை விட்ட வரிப்பாக்கிக்கும் பொறுப்பேற்க வேண்டும். இறந்த நாள் வரையிலான வருமான வரிக் கணக்கையும் வாரிசுகளே தாக்கல் செய்ய வேண்டும். கூட்டு வணிகமாயின், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டிராவிடில், 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பங்காளியின் மறைவோடு நிறுவனம் கலைந்துவிடும். கடையின் சரக்கிலும் முதலிலும் தாய்க்கும் சகோதரிக்கும் பங்குண்டு என்பதைக் கல்லாவில் அமர்வோர் மறத்தலாகாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. இறப்புச் சான்றிதழ் பெற்றதும் இ-சேவை மையத்தின் வழியே தாசில்தாருக்கு வாரிசுச் சான்றிதழ் கோரி விண்ணப்பியுங்கள். அச்சான்றிதழ் வாரிசுகள் யாவர் என்பதைக் கூறுமேயன்றிப் பங்கைக் கூறாது. பங்கைக் கணிக்க ஆலிம் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் நாடுங்கள். வில்லங்கச் சான்று எடுத்துச் சொத்துகளையும் கடன்களையும் பட்டியலிடுங்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வாழும் வாரிசுகள், இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரையிடப்பட வேண்டும். பாகப்பிரிவினையைச் சார்பதிவாளரிடம் பதிந்தபின் உட்பிரிவு செய்து, பெண்மக்கள் பெயரிலும் தனிப்பட்டா பெறுங்கள்.

தன் பங்கைப் பெற்றபின் ஒரு சகோதரி மனமுவந்து அதைச் சகோதரனுக்கு அன்பளிப்பாக வழங்கினால் அது அவள் விருப்பம். ஆனால், முதலில் அது அவள் கைக்கு வர வேண்டும். கையில் வராததை அவள் எவ்வாறு கொடுக்க முடியும்?

ஆகவே அன்பர்களே! உங்கள் இல்லத்துப் பழைய பட்டாவை இவ்வாரமே எடுத்துப் பாருங்கள். அதில் இருக்க வேண்டிய பெயர்கள் எத்தனை, இருக்கும் பெயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். விடுபட்ட பெயர் உங்கள் தாயுடையதாகவோ தங்கையுடையதாகவோ இருக்கலாம். அவரவர் உரிமையை அவரவரிடம் ஒப்படைக்கும் நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!